கை நிறையப் பணம் இருந்தும் பேரனுக்கு ஒரு ஐஸ் வாங்க முடியவில்லை

ஸ்வீடனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் குளிரைச் சொல்கிறார்கள், இருட்டைச் சொல்கிறார்கள், தெரு எவ்வளவு சுத்தம் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அங்கே பணம் செல்லாது. கள்ள நோட்டைச் சொல்லவில்லை, காலாவதியான நோட்டையும் சொல்லவில்லை. அவர்களுடைய மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் வெளியிட்டு, இன்றைக்கும் சட்டப்படி செல்லுபடியாகிற குரோனர் நோட்டை நீட்டினால் பல கடைக்காரர்கள் கையைக்கூட நீட்டமாட்டார்கள்.

மகள் வீடு ஸ்டாக்ஹோமின் ஷிஸ்டா பகுதியில். ஒரு நாள் பூங்காவில் பேரன் ஐஸ் கேட்டான். நூறு குரோனர் தாளை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் ஒரு பலகையைக் காட்டினாள்: ரொக்கம் வாங்குவதில்லை. என்னிடம் இருந்தது நம் நாட்டுக்குள் மட்டும் செல்லும் வங்கி அட்டை. பிள்ளை "ஆச்சி, ஆச்சி" என்று புடவையைப் பிடித்து இழுக்கிறான், பின்னால் வரிசை நிற்கிறது. கடைசியில் அலுவலகத்தில் இருந்த மகளைக் கூப்பிட்டு, கடைப் பலகையில் இருந்த எண்ணை வாசித்துக் காட்டி, அவள் அங்கிருந்து பணம் அனுப்பிய பிறகுதான் ஐஸ் கைக்கு வந்தது. காலமெல்லாம் சம்பாதித்துக் குடும்பம் நடத்தியவள் நான். பேரனுக்கு ஒரு ஐஸ் வாங்கித்தர மகளின் அனுமதிக்குக் காத்து நின்றது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அங்கே எல்லாரும் பணம் அனுப்புவது ஸ்விஷ் என்ற செயலியில். 2012-இல் வந்தது. அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், கைபேசியில் ஆளை உறுதிசெய்யும் பேங்க்ஐடி வேண்டும். அதற்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டு அரசு தரும் அடையாள எண் வேண்டும். ஒரு வருடமாவது தங்க வருபவர்களுக்குத்தான் அந்த எண்ணைத் தருவார்கள். விசிட் விசாவில் தருவதோ அதிகபட்சம் 90 நாள். அப்படியானால் என்னைப் போன்றவர்களுக்கு வழியே கிடையாது.

"காலத்துக்கு ஏற்ப மாறணும்" என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஊரில் கீரைக்காரம்மாவுக்கே ஜிபேயில் பணம் போடுகிறவள் நான். ஆனால் அதே அம்மா பத்து ரூபாய்த் தாளை நீட்டினாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். இரண்டும் செல்லும், அதுதானே நியாயம்?

வெளிநாட்டில் செல்லும் அட்டை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்பார்கள். மருமகன் அதற்கும் ஏற்பாடு செய்தார். சரி, பெரிய கடைகளிலும் பேருந்திலும் ஏறக்குறைய வேலை செய்தது. ஆனால் சாலையோரம் ஸ்ட்ராபெர்ரி விற்கும் மேசையிலும், குடியிருப்பு முற்றத்தில் பழைய சாமான் விற்பவரிடமும் ஸ்விஷ் எண் மட்டும்தான். எங்கே போனாலும் "நான் குடுத்துக்கறேன் அத்தை" என்று மருமகன் முன்னால் வருவார். தங்கமான பிள்ளை. அதற்காக ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கும் அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டுமா?

இதில் என்னால் மன்னிக்கவே முடியாதது கழிப்பறை. ஒரு வணிக வளாகத்தில் கழிப்பறைக் கதவு திறக்க 10 குரோனர், அதுவும் அட்டையில் மட்டும். என் கணவருக்குச் சர்க்கரை. அடக்கிக்கொண்டு நிற்க அவரால் முடியாது. அன்றைக்கு அந்த இயந்திரம் எங்கள் அட்டையைத் திரும்பத் திரும்ப மறுத்தது. பையில் நோட்டுக்கட்டு இருக்கிறது, கதவு திறக்கவில்லை. வயதான மனிதர் வியர்த்து விறுவிறுத்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவதி தன் அட்டையை வைத்துத் திறந்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் வந்திருக்காவிட்டால்?

ஐரோப்பாவில் முதன்முதலாக வங்கி நோட்டு வெளியிட்ட ஊர் இதே ஸ்டாக்ஹோம், 1661-இல். இன்று அங்கே, நோட்டு சட்டப்படி செல்லும் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, வாசலில் பலகை மாட்டினால் கடைக்காரர் மறுக்கலாம் என்று மறுபக்கம் விட்டுவிட்டார்கள். 2024 நவம்பரில் போர், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று வீடு வீடாக அரசு அனுப்பிய கையேட்டில், ரொக்கமும் கையிருப்பு வையுங்கள் என்று அறிவுரை இருக்கிறது. எந்தக் கடையில் கொடுக்க? பேருந்து ஓட்டுநர் வாங்கமாட்டார், பல வங்கிக் கிளைகளே ரொக்கத்தைத் தொடுவதில்லை.

திருட்டு குறைகிறது, பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். அந்நாட்டின் தேசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பியோர்ன் எரிக்சனே ரொக்கத்தைக் காப்பாற்ற இயக்கம் நடத்துகிறார். பாதுகாப்பைப் பற்றி அவரைவிடவா இவர்களுக்குத் தெரியும்? அந்த ஊர் முதியவர்களும் இதே கஷ்டத்தைத்தான் படுகிறார்கள்.

எல்லாக் கடையிலும் வாங்கு என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு, மருந்து, பேருந்து, கழிப்பறை. இந்த நான்கிலாவது நோட்டை மறுக்கக் கூடாது என்று சட்டம் போடட்டும். அதுவரை விசா கொடுக்கும்போதே சொல்லித் தொலையட்டும், உங்கள் கையில் இருக்கும் பணத்தை எங்கள் ஊரில் வாங்கமாட்டார்கள் என்று.