கரையும் திசை தெரியாமல்தான் நின்றது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் சிக்கித் திரும்பாத குமரி மீனவர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அது கடலில் நடந்ததோடு நின்றுவிட்டது. கரையில் காத்திருந்தவர்களையும் எழுதியிருக்க வேண்டும்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆகிய குமரிக் கடலோர ஊர்களின் ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். படகில் ஜிபிஎஸ் உண்டு; எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கரைக்குச் சொல்லத்தான் அன்று வழியில்லை. படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வயர்லெஸ் அலை நேர்கோட்டில் போவது, பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் எட்டாது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் கிறிஸ்துமஸ் கழிந்தும், கடலுக்குப் போய்த் திரும்பாத வீட்டுக்காரரின் சாரத்தை (லுங்கியை)த் துவைத்து மடித்து வைத்தபடி இருந்தார். ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கேட்டால் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பங்குச்சாமியிடம் போகவே பயந்தார். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு குழியும் இல்லை. 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது சரியான முடிவு. ஆனால் பணம் வந்த பிறகும் அந்த அக்கா யாரிடமும் தன்னை விதவை என்று சொன்னதில்லை.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று துறைமுகத்திலேயே பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.