ஆட்டம் இருக்கிறது, பத்தி எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊரையும் சனசமூக நிலையத்தையும் பெயர் சொல்லி எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது படத்தில், எடைக்குப் போடுவதற்காகத் தராசுக்குப் பக்கத்தில் சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்த நிலையத்துப் பழைய பேப்பர்க் கட்டுகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கோபத்தோடு எழுதினால் ஆட்களை நோகடித்துவிடுவேன் என்று பயம். ஆனால் நேற்று அந்தப் படத்தின் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணை, பிஷர் ஆடின எல்லா ஆட்டமும் டேட்டாபேஸில கிடக்கு. இந்தக் குப்பையை வச்சு என்ன செய்யப் போறியள்?" அதற்கு நாற்பதுக்கு மேல் லைக். லைக் போட்டவர்களில் என்னிடம் செஸ் பழகிய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

தம்பி, ஆட்டம் டேட்டாபேஸில் இருக்கிறது. பத்தி இல்லை. நான் இருபது வருடமாகச் சேர்ப்பது பேப்பரில் வந்த செஸ் பத்தியை.

செல்போனில் செஸ் பழகியவர்களுக்குப் பத்தி என்றால் என்ன என்று சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே ஒரு சின்னப் பலகைப் படம் வரும். ஈய எழுத்துக் காலத்தில் அந்த 64 கட்டமும் தனித்தனி அச்சு. வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரைக்கு ஓர் அச்சு, கறுப்புக் கட்டத்தில் நிற்கும் அதே குதிரைக்கு வேறோர் அச்சு. கோப்பவர் கை தவறி ஒன்றை மாற்றி வைத்தால் அந்த வாரப் புதிருக்கு விடையே வராது. அப்பாவின் தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பியில் அப்படி ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. ஒரு காலாளுக்குப் பென்சிலால் அம்புக்குறி போட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளி, "இங்கேதான் நிற்கவேணும்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வாரத் துண்டில் பத்திரிகை திருத்தம் போட்டிருக்கிறது. அப்பா சொன்ன அதே கட்டம். இதை எந்த டேட்டாபேஸில் தேடுவது?

அப்பா தபால் கந்தோரில் கிளார்க். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்காவின் பிஷரும் சோவியத்தின் ஸ்பாஸ்கியும் உலக செஸ் பட்டத்துக்காக மோதியபோது கொழும்புப் பேப்பர் இரவு ரயிலில் வந்து சேரும்வரை காத்திருப்பாராம். பத்தியை வெட்டி, கோதுமை மாப் பசையால் கொப்பியில் ஒட்டுவார். பிறகு பலகையில் காய்களை அடுக்கி, ஒரு போஸ்ட்காட்டால் நகர்த்தல்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கீழே இழுப்பார். அடுத்த நகர்த்தல் என்ன என்று தானே யோசித்துச் சொன்ன பிறகுதான் காட் இறங்கும். ஜூலை 11ஆம் திகதி நடந்த முதல் ஆட்டத்தில் 29ஆவது நகர்த்தலாகப் பிஷர் மந்திரியால் ஓரக் காலாளை வெட்டினார். ஸ்பாஸ்கி ஒரு காலாளை ஒரு கட்டம் தள்ளினார், மந்திரி திரும்பி வர வழி அடைபட்டது. அந்த வரிக்கு நேரே அப்பா நீலப் பென்சிலால் "ஏன்?" என்று எழுதி மூன்று கோடு இழுத்திருக்கிறார். கீழே வேறு மையில், வேறு திகதியில், "இப்பவும் விளங்கேல்லை."

கணினியில் போட்டால் அந்த இடத்துக்கு ஓர் எண் வரும். சரி, வரட்டும். அந்த வாரம் உலகம் முழுக்க மனிதர்கள் அந்த மந்திரியைப் பார்த்துத் திகைத்தார்கள். அந்தத் திகைப்பு பத்தியில்தான் இருக்கிறது.

பெரியப்பா லண்டனிலிருந்து கார்டியன் பத்திரிகையில் லெனார்ட் பார்டன் எழுதும் பத்தியை வெட்டிக் கடித உறைக்குள் வைத்து அனுப்புவார். பார்டன் 1955இல் அங்கே எழுதத் தொடங்கியவர். ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகைக்கு 1956இல் தொடங்கி 2020 வரை எழுதினார். கடைசிப் பத்து வருடம் இணையத்தில். ஒரு மனிதர் அறுபது வருடத்துக்கு மேல் ஒரே வேலையைச் செய்திருக்கிறார். அதைப் படித்தவர்கள் வெட்டி வைத்தார்கள். இதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிஷரின் பெயரைச் சொன்னதால் பிஷரின் கதையையே சொல்கிறேன். 1950இல் அவருடைய தாய், தன் மகனோடு செஸ் ஆட யாராவது பிள்ளை உண்டா என்று புரூக்ளின் ஈகிள் பத்திரிகைக்கு ஒரு போஸ்ட்காட் போட்டார். அதை எந்த விளம்பரப் பகுதியில் போடுவது என்று தெரியாமல் அவர்கள் செஸ் பத்தி எழுதும் ஹெர்மன் ஹெல்ம்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். 1893இலிருந்து அங்கே எழுதியவர் அவர். நூலகத்தில் ஒரு மாஸ்டர் பல பேரோடு ஒரே நேரத்தில் ஆடப் போகிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பதில் எழுதினார். 1951 ஜனவரியில் ஏழு வயதுப் பையன் அங்கே போய்த் தோற்றான். அங்கிருந்துதான் ஒரு கழகத்துக்குள் நுழைந்தான். டேட்டாபேஸில் நீங்கள் பார்க்கிற பிஷர், ஒரு பத்தி எழுத்தாளரின் மேசை வழியாக வந்த பிள்ளை.

ஸ்கான் பண்ணி வைக்கலாமே என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். வைக்கலாம் ஐயா. 2005இலிருந்து, ஈழத்துப் புத்தகங்களையும் பேப்பர்களையும் இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டத்துப் பிள்ளைகள் அதைத்தானே செய்கிறார்கள். ஆனால் ஸ்கான் பண்ணவும் பேப்பர் வேண்டும். எடைக்குப் போட்ட பிறகு எதை ஸ்கான் பண்ணுவது?

இடம் இல்லை, கறையான் வருகிறது, பிள்ளைகளுக்குக் கரம் போர்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பேப்பர் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டதும் மஞ்சளாகும், பிறகு மடிப்பில் அப்பளம் மாதிரி நொறுங்கும். செலோடேப் ஒட்டினால் கறை பிடிக்கும், லாமினேட் பண்ணினால் திரும்ப எடுக்க முடியாது, மாப் பசைக்கு இராமபாணம் வரும். நான் கட்டுக்கட்டாக வசம்பு வைத்து, மாதம் ஒருமுறை நிழலில் விரித்துத்தான் காப்பாற்றுகிறேன். அதனால்தான் கேட்டேன், என்னிடம் தாருங்கள், என் வீட்டு விறாந்தையில் வைக்கிறேன் என்று. வைகாசியிலேயே கேட்டேன்.

"அப்ப ஏன் நீர் நேரத்துக்கு வந்து எடுக்கேல்லை?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் நின்றேன். அது நிலையத்துப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு போன் எடுத்திருக்கலாம். என் நம்பர் அங்கே சுவரில் எழுதியிருக்கிறது. செஸ் பழகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதற்கு மட்டும் அந்த நம்பர் எல்லாருக்கும் தெரிகிறது.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான அன்று இந்த ஊரில் எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். நானும்தான் வைத்தேன், அழுதேன். சென்னைப் பிள்ளை என்று பெருமைப்பட்டோம். நம் ஊரில் ஐம்பது வருடத்துக்கு முன் லாம்பு வெளிச்சத்தில் காய் நகர்த்தியவர்களின் தடம் அந்தக் கட்டுகளில் இருந்தது. அதன்மேல் அந்தப் பெருமையில் கொஞ்சமாவது வந்திருக்கக் கூடாதா?

ஒவ்வொரு ஜூன் முதலாம் திகதியும், 1981இல் எரித்த யாழ்ப்பாண நூலகத்தின் படத்தைப் போடுகிறோம். 97,000 புத்தகங்களும் சுவடிகளும் என்று எழுதுகிறோம். அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது, 1959இலிருந்து வந்த பத்திரிகை. அதையெல்லாம் செய்தவர்கள் மேல் இன்றைக்கும் கோபப்படுகிறேன், சாகும்வரை படுவேன். ஆனால் போன ஞாயிறு யாரும் நெருப்பு வைக்கவில்லை. நாங்களே தராசில் வைத்தோம், படம் எடுத்தோம், "சுத்தமான நிலையம், சுகமான ஊர்" என்று தலைப்பும் போட்டோம். வந்த காசு ஒரு வாளி பெயின்ற்றுக்கும் காணவில்லையாம்.

95இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் மூன்று கொப்பிகளில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடிந்தது. சைக்கிள் கரியரில் அரிசி மூட்டைக்கும் சட்டைப் பைக்கும் நடுவில் ஷொப்பிங் பையால் சுற்றிக் கட்டினேன். திரும்பி வந்தபோது வீட்டில் மற்ற இரண்டும் இல்லை. அதற்கு முன், கரண்ட் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் நான் செஸ் பழகியது அந்தக் கொப்பிகளில்தான். நகர்த்தல்களைப் பி-கே4 என்று எழுதும் பழைய முறையைத்தான் முதலில் படித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. பத்திகளின் அடியில் "சரியான விடை அனுப்பியோர்" என்று பெயர்கள் வரும். பெயர், ஊர், அவ்வளவுதான். அப்பாவின் பெயர் ஒரே ஒருமுறை வந்ததாம். 73 அல்லது 74, ஞாயிறு இதழ். அந்தத் துண்டு தொலைந்த கொப்பிகளில் ஒன்றில் இருந்தது. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "அந்தப் பேப்பர் வாசிகசாலையில கிடக்கும், ஒருக்கால் பார்" என்று சொன்னார். அதைத்தான் நான் வைகாசியில் கேட்டேன். இந்த ஊரில் எத்தனை அப்பாக்களின் பெயர் அப்படி வந்திருக்கும். அவர்கள் ஆடிய ஆட்டம் ஒன்றுமே எந்த டேட்டாபேஸிலும் இல்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வரி.

செவ்வாய்க்கிழமை பழைய பேப்பர்க் கடைக்குப் போனேன். லொறி முதல் நாளே போய்விட்டது. முதலாளி நல்ல மனிதர், மூலையில் கிடந்ததைக் கிளறிப் பார்க்க விட்டார். கடலைச் சரை சுற்றுவதற்கென்று எடுத்து வைத்திருந்ததில் பதினொரு தாள் கிடைத்தது. ஏழில் பத்தி முழுதாக இருக்கிறது. மூன்று பாதி கிழிந்தவை. பதினொராவது தாள் 1974 மார்ச். குறுக்கெழுத்து இருக்கிறது, அதன் கீழே பத்தி வரவேண்டிய இடத்தில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை. அடிமட்டம் வைத்து பிளேட்டால் வெட்டிய நேரான விளிம்பு.

அப்பா பொதுப் பேப்பரில் கைவைக்கிற ஆள் இல்லை. ஆகவே நிலையத்துக்கு வந்து போன வேறு யாரோ அதை வெட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில், ரங்குப் பெட்டியில், தாத்தாவின் டயரிக்குள் அப்படி ஒரு துண்டு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். துண்டைத் தரவேண்டாம். நான் வந்து, அடியில் இருக்கிற பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறேன்.