72 மணி நேரமும் ஒரு நிமிடமும்

போன வருடம் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். எங்கள் ஊர் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் ஐந்து பேரும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை என்று பொரிந்து தள்ளியிருந்தேன். நிறையப் பேர் கோபக் குறி போட்டீர்கள். அந்தப் பதிவில் பாதி தப்பு. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. இங்கே கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிகளைப் பள்ளி மாவட்டங்கள் நடத்துகின்றன. மாவட்டம் என்றதும் தஞ்சாவூர் மாவட்டம் அளவுக்கு நினைத்துவிடாதீர்கள், சில இடங்களில் நாலைந்து பள்ளிகள்தான் ஒரு மாவட்டம். அதற்குத் தேர்தலில் ஜெயித்து வரும் ஒரு குழு உண்டு, அதுதான் ஸ்கூல் போர்டு, பெரும்பாலும் ஐந்து பேர். வரவு செலவு, எந்தப் பள்ளியை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, தலைமை அதிகாரியாக யாரை வைப்பது, எல்லாம் இவர்கள் கையில். ஆனால் தனித்தனியாக இவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. முறைப்படி கூடிய கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, ஓட்டெடுப்பு நடந்தால்தான் அது முடிவு. அதனால்தான் கூட்டம் நடத்தும் விதி இங்கே இவ்வளவு பெரிய விஷயம்.

எங்கள் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாட்ஸப் குழு தீப்பிடித்தது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம். தொண்ணூறு பேர் பேசச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. நான் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து, சரியாக இரண்டு நிமிடம் ஐம்பது வினாடிக்கு உரையைக் கொண்டுவந்திருந்தேன். தலைவர் சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒரு நிமிடம்" என்றார். அதற்கு முன்னால் மாணவர் விருது, பாட்டுக்குழு, ஓய்வுபெறும் இருவருக்குப் பாராட்டு. என் முறை வந்தபோது மணி பத்தே கால்.

நம் ஆட்களுக்கு ஒரு நிமிடம் என்பது வணக்கம் சொல்லவே போதாது. எனக்கு முன்னால் பேசிய ஒருவர், பெயரெல்லாம் வேண்டாம், போர்டு உறுப்பினர்கள் ஐந்து பேரையும் தனித்தனியாக விளித்து, அவர்கள் சேவைக்கு நன்றி சொல்லி, தான் இந்த ஊருக்கு எந்த வருடம் வந்தார் என்று ஆரம்பித்தார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? கையில் இருந்ததை மூச்சுவிடாமல் வாசித்து, இரண்டாம் பத்தியின் நடுவில் மைக் அணைந்து, நின்றேன். ஐந்து முகங்கள். "நன்றி, அடுத்தவர்." அவ்வளவுதான்.

அன்றைக்கு இரவு எழுதியதுதான் அந்தப் பதிவு.

நான் தப்பு செய்த இடம் இது. பள்ளி இணைப்பு அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. அதனால் அவர்கள் எங்களோடு விவாதிக்காதது திமிர் இல்லை, சட்டம். 1953இல் வந்த பிரவுன் சட்டம். அதற்கு முந்தைய வருடம் 'சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' பத்திரிகையில் மைக்கேல் ஹாரிஸ் என்ற நிருபர், உள்ளாட்சி அமைப்புகள் எப்படியெல்லாம் ரகசியமாகக் கூடிக் கூடி முடிவெடுக்கின்றன என்று ஒரு தொடர் எழுதினார். மொடெஸ்டோ ஊரைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் அதை மசோதாவாக்கினார். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். நிரலில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கவும் கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. பொதுமக்கள் எழுப்பினால் சுருக்கமாக ஒரு பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அதிகாரிகளிடம் பார்க்கச் சொல்லலாம், அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் போகக்கூடாது.

யோசித்துப் பார்த்தால் அது நம் பாதுகாப்புக்குத்தான். இன்று நான் போய் உணர்ச்சிகரமாகப் பேசி, அவர்களும் உருகி அங்கேயே ஒரு முடிவு எடுத்தால் எனக்கு இனிக்கும். நாளைக்கு இன்னொரு தெருக்காரர் போய் உருக்கினால்? எனக்குத் தெரியாமலே என் பிள்ளையின் பள்ளி போய்விடும்.

சட்டம் இதோடு நிற்கவில்லை. உறுப்பினர்களில் பெரும்பான்மையானோர் கூட்டத்துக்கு வெளியே மின்னஞ்சலிலோ போனிலோ ஆள் மாற்றி ஆள் பேசி முடிவுக்கு வருவதும் தடை. 2020இல் இதைச் சமூக ஊடகத்துக்கும் நீட்டினார்கள். போர்டு சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஓர் உறுப்பினர் பதிவு போட்டால், இன்னொரு உறுப்பினர் அதற்கு லைக் கூடப் போட முடியாது. கட்டைவிரல் காட்டினால் சட்ட மீறல்! நம் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் இப்படி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

இது ஏன் தேவை என்பதற்கு ஓக்லி ஊர்க் கதை போதும். 2021 பிப்ரவரி, கொரோனா காலம், காணொலிக் கூட்டம். பொதுமக்கள் இன்னும் இணையவில்லை என்று நினைத்துக்கொண்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெற்றோருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குத்தான் பள்ளியைத் திறக்கச் சொல்கிறார்கள் என்கிற மாதிரிக் கிண்டல். எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. சில நாளில் போர்டு மொத்தமும் ராஜினாமா.

அப்போ எந்தப் பாதி சரி? கோபம் சரி. ஆனால் அது பதிலே வராத அந்த ஒரு நிமிடத்தின்மேல் வந்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே எங்கள் போர்டு ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. வேலை என்ன? பிள்ளைகள் எண்ணிக்கையைக் கணக்கிட்டு எந்தெந்தப் பள்ளிகளை இணைக்கலாம் என்று பரிந்துரைப்பது. எப்படி நிறைவேறியது தெரியுமா? கன்சென்ட் அஜெண்டா என்று ஒன்று இருக்கிறது. பஸ் டயர் வாங்குவது, விடுப்பு ஒப்புதல், சென்ற கூட்டத்தின் குறிப்பு போன்ற இருபது முப்பது அன்றாட விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் முடிப்பார்கள். அந்தக் கட்டுக்குள் பதினேழாவதாக இந்த ஒப்பந்தம். நான் பழைய ஒளிப்பதிவைத் தேடிப் பார்த்தேன். மொத்தக் கட்டும் நிறைவேற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருத்தர் கொட்டாவி விடுகிறார்.

ரகசியம் எதுவும் இல்லை. 72 மணி நேரம் முன்பே இணையதளத்தில் கிடந்தது. போர்டு உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, "இதைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியாக எடுங்கள்" என்று யாராவது கேட்டிருந்தால் பெரும்பாலும் பிரித்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். சத்தம் போடுவதற்குக் கூட்டம் கூடிற்று, படிப்பதற்குக் கூடவில்லை.

ஊரில் என் அக்கா பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறாள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இதையெல்லாம் சொன்னதும் சிரித்தாள். "எங்ககிட்ட நேரக் கட்டுப்பாடெல்லாம் இல்லடி, எவ்வளவு வேணா பேசலாம். ஆனா கையெழுத்து நோட்டு முதல்லயே வந்துடும்." (குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவேனோ என்று பயப்படாதீர்கள், போகவில்லை.)

இரண்டாவது கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி இணைப்பு இந்த முறை நிரலிலேயே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பேரனைத் தினமும் நடத்திக் கூட்டிப்போய் விடுகிறவர், தானும் பேசுவேன் என்றார். ஆங்கிலம் வராது. நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அன்றும் ஒரு நிமிடம்தான். பாட்டி மைக்கைப் பிடித்து, "ஐயா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு ரோடு தாண்டுறேன். நீங்க சொல்ற பள்ளிக்கூடத்துக்கு மூணு சிக்னல் தாண்டணும். நடுவுல பச்சை போயிடுது, என் முட்டி போகல" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு சிவப்பு. தலைவர் நன்றி என்றார்.

நான் நகரவில்லை. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று 2016இலேயே சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். குரல் நடுங்கியது, பொய் சொல்வானேன். தலைவர் பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலையாட்டினார். கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். பாட்டி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, திட்டுறாங்களா?" என்று என் காதில் கேட்டார். இல்லை பாட்டி, இன்னும் பேசச் சொல்கிறார்கள் என்றேன். மிச்ச நேரத்தில், அந்த மூன்று சிக்னலையும் நீங்கள் ஒருநாள் என்னோடு நடந்து பாருங்கள் என்று ஐந்து பேரையும் அழைத்தார். ஒருவர் நிஜமாகவே அடுத்த வாரம் வந்தார்.

இந்த விதிகளை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டத்துக்குள் நுழையப் பெயர் எழுதிக் கொடு என்று கட்டாயப்படுத்த முடியாது. மாவட்டத்தின் கொள்கையை, நடைமுறையை விமர்சிக்கக் கூடாது என்று தடுக்க முடியாது. ஊழியர் பெயரைச் சொல்லிக் குறை கூறக்கூடாது என்று மொரெனோ வேலி, விஸ்டா மாவட்டங்கள் வைத்திருந்த விதிகளை 1996, 97இலேயே நீதிமன்றங்கள் தூக்கிப்போட்டன. எச்1பி விசாவில் இருக்கிறோம், ஓட்டில்லை, நமக்கு என்ன என்று ஒதுங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பேசுவதற்கு ஓட்டு வேண்டாம், குடியுரிமை வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் 2016இல் மக்கள் வாக்களித்து, குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டே கொடுத்தார்கள்.

அதற்காக எதுவும் செய்யலாம் என்றும் இல்லை. 2021இல் நாடு முழுவதும் முகக்கவசச் சண்டையில் இந்தக் கூட்டங்கள் கூச்சலும் மிரட்டலுமாகப் போனது நினைவிருக்கும். கூட்டத்தை நடக்கவிடாமல் செய்பவரை, முதலில் எச்சரித்து, கேட்காவிட்டால் வெளியேற்றலாம் என்று இங்கே 2022இல் சட்டம் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. கத்துகிறவர் பாட்டியின் நேரத்தைத்தான் தின்கிறார்.

என் கோபம் வேறு இடத்தில். 400 பக்க ஆவணத்தை வெள்ளி மாலை ஏற்றிவிட்டு, 72 மணி நேரம் கொடுத்தோம் என்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் அதில் சனி ஞாயிறு போய்விடுகிறது. ஒரு வாரம் கொடுத்தால் என்ன? மூன்று நிமிடத்தை ஒரு நிமிடமாக்குவதும் சட்டப்படி செல்லும், ஆனால் அதைச் சீட்டை எண்ணிய பிறகு அறிவிப்பது அநியாயம். இத்தனை பேருக்கு மேல் வந்தால் இவ்வளவுதான் என்று முன்பே எழுதி வைத்தால் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒருவரைப் பேச வைப்போம். பாட்டுக்குழுவை ஆறு மணிக்கும் பெற்றோரைப் பத்து மணிக்கும் வைப்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு அன்றே பதில் வேண்டாம், அடுத்த கூட்டத்தின் நிரலோடு எழுத்தில் கொடுக்கலாமே? சட்டம் அதைத் தடுக்கவில்லை.

கூட்டம் நடத்த பல போர்டுகள் பின்பற்றும் 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்' என்ற விதிப்புத்தகத்தை எழுதிய ஹென்றி ராபர்ட் ஒரு அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863இல் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவதென்று தெரியாமல் திணறிப்போன மனுஷன், அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்து 1876இல் புத்தகமே போட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. நானும் அவமானப்பட்ட பிறகு படித்தவள்தான்.

பொதுமக்கள் தாங்களாகவே ஒரு விஷயத்தை நிரலில் சேர்க்கக் கேட்கலாம் என்று மாநிலக் கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேலே சொன்ன நான்கையும் எழுதி விண்ணப்பித்தோம். வரும் செவ்வாய்க்கிழமை நிரலில் பன்னிரண்டாவது பொருள். பள்ளி என்னவாகும் என்று கேட்காதீர்கள், அந்த முடிவு ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நிரல் நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு வந்தது. மொத்தம் 312 பக்கம். கன்சென்ட் கட்டில் மட்டும் இருபத்தாறு. நான் 87இல் இருக்கிறேன். 200க்கு மேல் யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா? கீழே பக்க எண்ணைப் போட்டுவிடுங்கள், ஒரே பக்கத்தை இரண்டு பேர் படிக்க வேண்டாம்.