80 ரூபாய் கொடுத்து இன்னொருத்தியின் கடிதத்தை வாங்கி வந்திருக்கிறாள் என் அக்காள் மகள்

80 ரூபாய். 4 நிமிட வேலை. அந்த 4 நிமிடத்தில் என் அக்காள் மகளைக் கணக்காளர் ஆக்கி, ஊரையும் மாற்றி, ‘டாலி’ என்ற கணக்கு மென்பொருளில் மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகவும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார் அந்த பிரவுசிங் சென்டர்காரர். அவள் படித்தது டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு. போனது இரத்தப் பரிசோதனைக் கூடத்து லேப் டெக்னீஷியன் வேலைக்கு. ஊர் குடியாத்தம். வேலை கேட்டு எழுதிய அந்தக் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு லேப் மேலாளர் எதிரே போய் நின்றிருக்கிறாள். அவர் கவரைப் பிரித்துக் கடிதத்தைப் படித்துவிட்டு, “டாலியில் எவ்வளவு நாள் வேலை செய்தாய் அம்மா?” என்று கேட்டிருக்கிறார். இவள் விழித்திருக்கிறாள். “நான் இரத்தம் எடுப்பேன் சார்” என்றிருக்கிறாள். அவர் தாளைத் திருப்பி வைத்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாராம். பக்கத்தில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பெண். ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். மேலாளர் நல்ல மனிதர். “வெள்ளிக்கிழமைக்குள் சரியான கடிதத்தோடு வா” என்று அனுப்பியிருக்கிறார். உச்சி வெயிலில் வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். மேலே அவள் பெயர். கீழே கையொப்பத்தில் அவள் பெயர். நடுவில் ‘வாலாஜா தாலுகா, வேலூர் மாவட்டம்’ என்று யாரோ ஒருத்தியின் ஊர். வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது 2019 நவம்பரில். அப்படியானால் இந்தக் கடிதம் அதற்கும் முன்னால் யாருக்கோ அடித்தது! இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் இதே தாளை எடுத்துக்கொண்டு எத்தனை வாசல்களில் நின்றார்களோ? அந்த வாலாஜா பெண்ணுக்காவது வேலை கிடைத்ததா?

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய்விட்டேன்.

“தம்பி, இது நீங்கள் அடித்ததுதானே?”

“ஆமாம் சார்.”

“இந்தப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

“கவரிங் லெட்டருக்கு அது எதற்கு சார்? அதுதான் பயோடேட்டாவில் இருக்கிறதே.”

“பின்னே டாலி எங்கிருந்து வந்தது?”

அவர் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பெயர் வர வேண்டிய இரண்டு இடங்களில் மஞ்சள் பூசியிருந்தது. ஊருக்கும் வேலைக்கும் பூசவில்லை. மஞ்சள் இருக்கும் இடத்தில் பெயரை மாற்றுவார், மற்றதெல்லாம் அப்படியே அச்சாகும். இவ்வளவுதான் நடந்திருக்கிறது. வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மஞ்சளைப் பார்த்தால் போதும். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவரே ஆறுதல் சொன்னார்: “இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள் சார். சும்மா மேலே வைப்பதற்குத்தான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் படிக்கமாட்டார்களா? நான் படித்தேனே! 27 ஆண்டுகள் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கேட்டு வந்த தபால்களைப் பிரித்து, படித்து, மேலாளர் மேசைக்கு எது போக வேண்டும் என்று அடுக்கி வைத்தவன் நான். 1988-இல் நானும் முகவரியில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று என் கையால் எழுதித்தான் வேலை கேட்டேன். அந்த மாவட்டமே அடுத்த ஆண்டு இரண்டாகிவிட்டது. அந்தக் கடிதத்தைப் படித்து என்னைக் கூப்பிட்ட பெரியவர் நேர்காணலில் அதிலிருந்த ஒரு வரியைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார்.

பயோடேட்டாவில் என்ன இருக்கும்? எல்லோருக்கும் அதே பட்டம், அதே பல்கலைக்கழகம், ஐந்து மதிப்பெண் முன்னே பின்னே. ஆளைக் காட்டுவது கடிதம்தான். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவன், எல்லோரோடும் இணைந்து பணியாற்றுவேன்’ என்று வரும் கடிதங்களில் என் கண் ஒரு நொடிகூட நின்றதில்லை. எல்லோருமே அதைத்தானே எழுதுகிறார்கள்? ஒருமுறை பேரணாம்பட்டிலிருந்து ஒரு பையன், ‘வெட் ப்ளூ (பாதி பதனிட்ட) தோல்களைத் தரம் பிரிக்கும் இடத்தில் 8 மாதம் கணக்கு எழுதினேன், எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை’ என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காக அன்று மாலையே அவனைக் கூப்பிட்டோம்.

லியொனார்டோ டா வின்சி மிலான் நகரத்தை ஆண்ட லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஏறத்தாழ 1482-இல் எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. உலகம் ஓவியராகக் கொண்டாடும் மனிதர். ஆனால் சுலபமாகத் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கி, மூடிய வண்டி என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில்தான் ஓவியமும் வரைவேன் என்கிறார். எதிரே இருப்பவருக்குப் போர்தான் கவலை என்று அவருக்குத் தெரியும். நம் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாகப் போகும்போதெல்லாம் அந்த வரி எனக்கு நினைவு வரும். ‘டியர் சார், ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்’ என்று அவர் எழுதவில்லை.

அக்காள் மகளை உட்காரவைத்து, “நீ என்ன செய்வாய், எனக்குச் சொல்” என்று கேட்டேன். முதலில் “ஒன்றுமில்லை மாமா, டிரெயினிங் மட்டும்தான்” என்றாள். காபி குடித்த பிறகு வாய் திறந்தாள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி. விடியும் முன் குடியாத்தத்தில் பஸ் ஏறி, வேலூரில் இறங்கி, இன்னொரு பஸ். வயதானவர்களுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். “ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் மாமா. வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடைந்துவிடும். புரட்டாமல் விட்டால் உறைந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் நோயாளியை மறுபடி குத்த வேண்டும்.” சொல்லும்போதே காலி டம்ளரைக் கையில் எடுத்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி, இரத்தம் உறையும் நேரம் பார்க்க நீல மூடி, நீலத்தில் கோடு வரை நிரம்பாவிட்டால் முடிவே தப்பாகும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

இந்தக் கையைத்தான் ஐயா அந்த லேப் தேடுகிறது! இதை விட்டுவிட்டு டாலியாம், ஜி.எஸ்.டி.யாம். வயிறு எரிகிறது எனக்கு.

பள்ளிக்கூடத்தின் மேலும் கோபம் வருகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையைப் படிய வைக்கிறோம். காய்ச்சலுக்கு விடுப்பு கேட்கச் சொல்லித் தருகிறோம். உனக்கு என்ன தெரியும் என்று நாலு வரி எழுது என்று ஒரு வகுப்பிலாவது சொல்லித் தந்திருக்கிறோமா?

இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எழுதினோம். முதலில் அவள் வாயால் சொன்ன தமிழில், பிறகு எளிய ஆங்கிலத்தில். எந்த வேலைக்கு, அறிவிப்பை எங்கே பார்த்தாள் என்பது முதல் இரண்டு வரி. அடுத்து அடுக்கம்பாறை, வயதானவர்களின் நரம்பு, ஊதா மூடி. எப்போது சேர முடியும் என்று ஒரு வரி, கைப்பேசி எண், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவளையே பொருள் சொல்ல வைத்தேன். சொன்னாள்.

எல்லாம் முடிந்து கவரில் வைக்கும்போது பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் போல நல்ல கறுப்பு அவள். சிறுவயதில் அப்பாவின் லுங்கித் தறியில் இடித்துக்கொண்ட தழும்பு இடது புருவத்தின் மேல் இருக்கும். படத்தில் தழும்பும் இல்லை, நிறமும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரு முகம்.

“இது யார் பாப்பா?”

“நான்தான் மாமா. ஸ்டூடியோவில் கேட்காமலேயே இப்படி வெளுத்துவிட்டார்கள். எட்டுப் படம் 100 ரூபாய்.”

நாளை காலை ஸ்டூடியோவுக்குப் போகிறேன்.