டர்போ ஸ்டிக்கர் தெரிஞ்ச கண்ணுக்கு ரயர் தெரியேல்லையா?

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை நிலாவெளி றோட்டில ஒரு பெடியன் ஓட்டின கார் சுழண்டு அடிபட்டதை நான் திரும்ப எழுதப் போறதில்ல. படம் எல்லாற்ற போனிலயும் இருக்கு. அந்தப் படத்துக்குக் கீழ விழுந்த கொமென்ட்டுகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தன், ஏலாமப் போச்சு.

"இந்தப் பவர் காருகளை ஊருக்குள்ள விடக்கூடாது." "டர்போவைப் பெடியனிட்டக் குடுத்தா இப்பிடித்தான்." "சிசியைப் பார்த்து வயசுக் கட்டுப்பாடு போடணும்." படிச்ச ஒருத்தர் "அரக்க இயந்திரங்கள்" எண்டே எழுதியிருந்தார். லைக் கூட விழுந்ததும் அதுக்குத்தான்.

சரி. அந்தக் காரில டர்போவே (எஞ்சினுக்குள்ள கூடக் காற்றைத் தள்ளிப் பவரை ஏத்துற சாமான்) இல்ல. பின்னால ஒட்டியிருந்தது ஸ்டிக்கர். சிவப்பு எழுத்தில, எந்த அலங்காரக் கடையிலயும் வாங்கலாம். வாகனம் ஒரு பழைய டொயோட்டா கொரோலா 121. எஞ்சின்ர கொள்ளளவு 1497 சிசி, கொம்பனியால வரேக்க கிட்டத்தட்ட 110 குதிரைவலு, இருபது வருசம் ஓடின பிறகு அதில எவ்வளவு மிச்சம் எண்டது வேற கதை. இதே 121இல கந்தோருக்குப் போற பெரியவங்க இருக்கிறாங்க, கோயிலுக்குப் போற குடும்பங்கள் இருக்கு. அவங்க ஒருத்தரும் அரக்க இயந்திரம் ஓட்டுறதா எனக்குத் தெரியேல்ல.

இப்ப ரெண்டாவது படத்தை எடுங்கோ, லொறியில ஏத்தேக்க எடுத்தது. இடது பக்கப் பின் ரயரைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. ஓரச்சுவர் முழுக்க வெடிப்பு. நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கு: 1114. முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். 2014ஆம் ஆண்டு 11ஆவது கிழமை செய்த ரயர். பெடியன் பத்தாம் வகுப்புக்கு வர முன்னமே அந்த ரயர் பிறந்திட்டுது. முன் ரெண்டு ரயரையும் பாருங்கோ, புதுசு. கறுப்பு மினுங்குது.

நடந்தது இதுதான். புதுசு முன்னுக்கு, கிழடு பின்னுக்கு. இது இஞ்ச எல்லாரும் செய்யிற வேலை. முன் சில்லுதானே இழுக்குது, முன் ரயர்தானே கெதியாத் தேயுது, புதுசு ரெண்டை அங்க போட்டுவிடுவம் எண்டு. காய்ஞ்ச றோட்டில ஒண்டும் தெரியாது. மாசக்கணக்கா வெயில் அடிச்சு, றோட்டில எண்ணெயும் ரயர்த் தூளும் மணலும் படிஞ்சு கிடக்கேக்க ஒரு மழை தூறினா எல்லாம் சேர்ந்து சவர்க்காரம் மாதிரி ஆகும். வளைவில முன் ரயர் பிடிச்சுக்கொண்டு போகும், பின் ரயர் தண்ணியை வெட்டாது. பயத்தில அக்சிலேற்றரை டக்கெண்டு விடுவீங்க. பாரம் முன்னுக்குச் சாயும், ஏற்கனவே பிடியில்லாத பின் பக்கம் இன்னும் லேசாகும், வால் சுழண்டு வெளியால போகும். அதுக்குப் பிறகு 110 குதிரையும் ஒண்டுதான், 40 குதிரையும் ஒண்டுதான்.

ரெண்டு ரயர்தான் வாங்க வசதி எண்டா, முன் சில்லால இழுக்கிற கார் எண்டாலும் புதுசைப் பின்னுக்குப் போடுங்கோ, இருக்கிறதில நல்லதை முன்னுக்கு மாத்துங்கோ. முன்னுக்குப் பிடி விட்டா கார் நேராப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைச்சா திரும்பப் பிடிக்கும். பின்னுக்குப் பிடி விட்டா நூறில ஒருத்தருக்குத்தான் திருப்பி எடுக்கத் தெரியும்.

தேய்மானம் பார்க்க மீற்றர் தேவையில்ல. ரயரின்ர பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு இருக்கும், அதின்ர உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் அந்த மட்டத்துக்கு வந்தா முடிஞ்சுது. உண்மையில 3 மில்லிமீற்றருக்குக் கீழ வரேக்கயே மழையில அது ரயர் இல்ல. காற்று எவ்வளவு எண்டு ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூணில ஸ்டிக்கர் இருக்கு. யப்பான் காரில கிலோபாஸ்கலில போட்டிருப்பாங்க. 220 எண்டா 32 பிஎஸ்ஐ, 240 எண்டா 35. காலமை, ரயர் சூடாக முதல் பார்க்கணும். இந்த ஸ்டிக்கரை எத்தினை பேர் வாசிச்சிருப்பீங்க? டர்போ ஸ்டிக்கரை மட்டும் எல்லாரும் வாசிச்சிருக்கிறீங்க.

"பவர் கூடினா வேகம் கூடும்தானே, வேகம் கூடினா சாவுதானே" எண்டு ஒருத்தர் கணக்கு வாத்தியார் மாதிரிக் கேட்டிருந்தார். நல்லது, கணக்குப் பார்ப்பம். சட்டப்படி ஊர் மனைக்குள்ள காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில 70. 50இல ஓடுற கார் 70க்குப் போனா பிரேக் விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஏனெண்டா அது வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும். இந்த நாட்டில 70க்குப் போகாத கார் ஏதும் இருக்கா? 796 சிசி சுசுக்கி ஓல்ட்டோவும் போகும், 658 சிசி வாகன் ஆரும் போகும். ஆளைக் கொல்லப் போதுமான வேகம் ஆகச் சின்ன எஞ்சினிலயும் இருக்கு. பிறகென்ன சிசியைப் பார்த்துத் தடை?

சிசியையும் பவரையும் ஒண்டாக்கிறதும் இந்த நாட்டு வருத்தம். தீர்வையைச் சிசியைப் பார்த்துப் போடுறாங்க, அதால சனமும் சிசியைத்தான் பவர் எண்டு நம்புது. பழைய கொரோலா டீசல் 1974 சிசி, 73 குதிரைவலு. இப்ப வாற டொயோட்டா ரைஸ் 996 சிசி, அதில மெய்யாவே டர்போ இருக்கு, 98 குதிரைவலு. பாதிச் சிசியில கூடின பவர். உங்கட வயசுக் கட்டுப்பாடு எதுக்கு வரும்?

இன்னொண்டு சொன்னா அடிக்க வருவீங்க. பவர் இல்லாததும் ஆபத்துத்தான். கந்தளாயில இருந்து ஹபரணைக்குப் போற றோட்டை நினையுங்கோ. 60இல போற பஸ்ஸுக்குப் பின்னால 52 குதிரைவலு வாகன் ஆர். உள்ள நாலு பெரிய ஆக்கள், டிக்கி நிறையச் சாமான், ஏசி ஓடுது. 60இல இருந்து 80க்கு வரவே அஞ்சாறு செக்கன். முழுசா முந்தி திரும்ப உள்ள வர 11 செக்கனளவில். அந்த நேரத்தில உங்கட கார் 225 மீற்றர் போயிருக்கும், எதிர்ல 70இல வாற லொறி 210 மீற்றர் வந்திருக்கும். அப்ப கிட்டத்தட்ட 440 மீற்றர் வெறும் றோட்டு முன்னுக்குத் தெரியணும். தெரியுதா? இடையில யானை வேற நிக்கும். பவர் உள்ள கார் அந்த இடத்தில ரெண்டு மூண்டு செக்கன் மிச்சம் பிடிச்சுத் தரும். உடன பறக்கச் சொல்லுறன் எண்டு ஸ்கிரீன்ஷொட் எடுக்காதேங்கோ. பவர் இல்லாட்டி பஸ்ஸுக்குப் பின்னால இருங்கோ எண்டுதான் சொல்லுறன்.

"உனக்குக் கார்ப் பைத்தியம், அதான் வக்காலத்து வாங்குறாய்." இது ஒரு சொந்தக்காரர் எழுதினது. ஓம், எனக்குக் கார் பிடிக்கும். பிடிச்சபடியாலதான் ரயரின்ர நாலு இலக்கம் எங்க இருக்கெண்டு தெரியும். பிடிக்காத உங்களுக்கு உங்கட காரின்ர பிரேக் ஒயில் எப்ப மாத்தினதெண்டு தெரியுமா?

தெரியாது. பிரேக் ஒயில் காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ட வகை ஒயில் புதுசா இருக்கேக்க 205 பாகையிலதான் கொதிக்கும், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக்குமிழ், பிரேக் மிதி பஞ்சு மாதிரி மெதுவாப் போகும். நாங்க இருக்கிறது கடலுக்கு நடுவில, மூண்டு பக்கமும் உப்புக் காற்று. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆகணும். சீல் உடைக்காத ரின்னில இருந்துதான் ஊத்தணும். கராஜ் மூலையில மூடி திறந்து கிடக்கிற பாதி ரின்னை ஊத்தினா மாத்தினதும் ஒண்டு, மாத்தாததும் ஒண்டு.

உப்புவெளி, அலஸ்தோட்டப் பக்கம் கார் நிப்பாட்டுறவங்களுக்குத் தனியாச் சொல்லுறன். முன் பிரேக்கில பாட்டை (உராயிற கட்டையை) அழுத்திப் பிடிக்கிற கலிப்பர் சறுக்குறதுக்கு ரெண்டு கம்பி இருக்கு. உப்புக்கு அது துரு ஏறி இறுகிப் போகும். பிறகு உள் பாட் மட்டும் தேயும், வெளிப் பாட் புதுசு மாதிரியே இருக்கும். பிரேக் பிடிக்கேக்க ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஓடி நிப்பாட்டினதும் ஒரு சில்லு மட்டும் நெருப்பாச் சுட்டாலோ அதுதான் வருத்தம். கம்பியைக் கழட்டி, துருவைச் சுரண்டி, றபருக்கு ஒத்துப்போற சிலிக்கன் கிறீஸ் பூசணும். சில்லு பெயாரிங்குக்குப் போடுற கிறீஸை அங்க போட்டா றபர் ஊதி, கம்பி முன்னையை விட மோசமா இறுகும். பாட் மாத்தேக்க எல்லாம் இதைக் கேட்டு வாங்குங்கோ. கேட்காட்டி கன இடங்களில செய்யமாட்டாங்க.

"காசில்லாதவன் புது ரயருக்கு எங்க போறது?" இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. அஞ்சு வருசம் இறக்குமதி இல்லாமக் கிடந்து 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார் வரத் தொடங்கினது. பழைய வாகனத்தின்ர விலையே தலைசுத்தும், லீசிங் கட்டவே சம்பளம் காணாது, ரயர் விலை அதுக்கு மேல. விளங்குது. ஆனா அதே காரில எல்ஈடி பல்ப், பெரிய ஸ்பீக்கர், அலோய் றிம், ஸ்டிக்கர். அதுக்குக் காசு வந்ததே? ஹலஜனுக்குச் செய்த லைட்டுக்குள்ள எல்ஈடியைச் செருகினா வெளிச்சம் றோட்டில விழாது, எதிர்ல வாறவன்ர கண்ணிலதான் விழும். இரவில சாம்பல்தீவுப் பக்கம் சைக்கிளில வாற மனுசன் என்ன செய்வார்?

ஒரு அக்கா மட்டும் வேற மாதிரி எழுதியிருந்தா. மகன் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா திரும்பி வரும் வரைக்கும் தனக்கு நித்திரையில்லை எண்டு. அவவுக்கு மறுத்துச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்ல. ஒண்டு செய்யலாம் அக்கா. மகனை ஒரு வெறும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் 40இல வைச்சு முழுப் பலத்தோட பிரேக் மிதிக்கச் சொல்லுங்கோ. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கேக்க சில்லு இறுகி நிக்காமத் தடுக்கிற ஏற்பாடு) உள்ள கார் எண்டா மிதி காலுக்குக் கீழ கடகடவெண்டு அடிக்கும். பயந்து காலை எடுப்பான், எல்லாரும் எடுப்பாங்க. எடுக்காம அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பப் பழக்குங்கோ. லைசன்ஸுக்குப் பழக்குற இடத்தில கம்புகளுக்கு நடுவில றிவேர்ஸ் எடுக்கக் காட்டிக் குடுப்பாங்க, இதைக் காட்டிக் குடுக்கமாட்டாங்க.

பவர் கூடாது எண்டு எழுதின அதே ஆக்கள் கலியாணப் பேச்சில என்ன கேட்கிறாங்க? தெரிஞ்ச குடும்பமொண்டில மாப்பிள்ளை வீட்டார் சீதனத்துக்குக் காரின்ர பேர் கேட்கேல்ல, "ஆயிரம் சிசிக்குக் குறையாம" எண்டாங்க. தாய்தகப்பன் காணியை ஈடு வைச்சுக் குடுத்தாங்க. பொம்பிளைக்கு லைசன்ஸ் இருக்கு, உவர்மலை ஏத்தத்தில கைப்பிரேக்கை விட்டு ஒரு சாண் பின்னுக்குப் போகாம எடுக்கிற பிள்ளை. திறப்பு மாப்பிள்ளையின்ர சட்டைப் பைக்குள்ள. அவ பக்கத்து சீற். அந்தச் சிசியில ஒருத்தருக்கும் அரக்கன் தெரியேல்ல.

கொழும்புக்குப் போற பஸ்கள் ஒண்டை ஒண்டு முந்தி கந்தளாய்ப் பக்கம் பறக்கேக்க இந்தக் கொமென்ட்காரர் எங்க? உள்ளுக்கை இருந்து "ட்ரைவர் கெட்டிக்காரன், நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிட்டான்" எண்டு சொல்லுறதும் இவங்கதான். ஐம்பது உயிரைக் காவுற பஸ்ஸின்ர ரயரைக் குனிஞ்சு பார்க்க ஒருத்தருமில்ல. ஒரு பெடியன் ஸ்டிக்கர் ஒட்டினா மட்டும் சமூகம் கெட்டுப் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரின்ர கதவு எப்பிடித் திறபட்டதெண்டு தெரியுமா? நீங்க "றவுடிக் கூட்டம்" எண்டு எழுதின கராஜ் பெடியங்கள்தான் அலவாங்கோட வந்தது. பெற்றோல் மணக்குது எண்டு ஒருத்தன் பொனட்டைக் கிளப்பி, 10ஆம் நம்பர் ஸ்பனரால பற்றியின்ர மைனஸைத்தான் முதல் கழட்டினான். இன்னொருத்தன் கழுத்தை அசைக்காம தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தான். கையில ஒயில் கறை இருந்த ஆக்கள் வேலை செய்தாங்க. மற்ற எல்லாற்ற கையிலயும் போன். நீங்க பகிர்ந்த படத்தின்ர ஓரத்தில தெரியிற நீலச் சேட்டு அந்தப் பெடியங்களில ஒருத்தன்ர முதுகு.

அந்தப் படத்தில நம்பர் பிளேட் தெளிவாத் தெரியுது. பெடியன்ர தாய் வார்டுக்கு வெளியில கதிரையில இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறா, உங்கட கொமென்ட்டையும் சேர்த்து. போட்ட படத்தை அழியுங்கோ. பிறகு வாங்கோ, பவரைப் பற்றி எவ்வளவு நேரமெண்டாலும் கதைப்பம்.