1,033 பேர் நின்ற தொகுதி

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் தம்பி ஒருவன் எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். "ஒரு சட்டமன்றத் தொகுதியில் அதிக வேட்பாளர்கள் போட்டியிட்டது எங்கே?" விடை ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி, 1996, வேட்பாளர்கள் 1,033 பேர். எண்ணைக் கேட்டதும் பந்தல் முழுக்க ஒரே சிரிப்பு. "வேலை வெட்டி இல்லாதவங்க போல" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு அந்தத் தொகுதியில் அவல்பூந்துறை பக்கம். 1996-ல் எனக்குப் பதினோரு வயது. தமிழ்நாடு முழுக்கத் தேர்தல் முடிந்து, முடிவும் வந்து, திமுக–தமாகா கூட்டணி ஜெயித்து, திமுக ஆட்சியில் உட்கார்ந்த பிறகுதான் மொடக்குறிச்சியில் வாக்குப்பதிவு நடந்தது. அத்தனை பெயரையும் சின்னத்தையும் அச்சடிக்க நேரம் வேண்டும் என்று ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அடிக்க முடிந்தது. அமுச்சியோடு நானும் பள்ளிக்கூடம் வரை போனேன். உள்ளே விடவில்லை, வேப்பமரத்தடியில் நின்றேன். வெகு நேரம் கழித்து வெளியே வந்த அமுச்சி முதலில் சொன்னது: "சீட்டா கண்ணு அது? கணக்கு நோட்டாட்ட இருக்குது. பொரட்டிப் பொரட்டிப் பார்த்து வெரலே நோவுது." அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னத்தைப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார். பக்கம் பக்கமாகச் சின்னங்களைத் தாண்டி தன் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்திவிட்டுத்தான் வந்தார்.

அந்தப் பக்கங்களில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை விவசாயிகளுடையவை. ஜெயித்து கோட்டைக்குப் போகலாம் என்று அவர்கள் நிற்கவில்லை. எங்கள் குறையை எந்த அரசும் காதில் போட்டுக்கொள்வதில்லை, இப்படி நின்றாலாவது திரும்பிப் பார்ப்பார்களா என்று விவசாயிகள் சங்கத்தார் கூட்டமாக எடுத்த முடிவு அது. கொங்கு நாட்டு விவசாயிகளுக்குப் போராட்டம் புதிதும் இல்லை. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து, ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லிப் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்த பூமி இது. ஊர்வலம், மறியல், மனு எல்லாம் பார்த்த சனம்தான் கடைசியில் வேட்புமனுவைக் கையில் எடுத்தது. என் கண்ணுக்கு அந்த 1,033 பெயர்களும் ஒரே மனுவில் போட்ட 1,033 கையெழுத்துகள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். அன்று சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் போனது போனதுதான். திரும்பி வராது என்று தெரிந்தே கட்டினார்கள். மொத்தமாகச் சேர்த்தால் இரண்டரை லட்சம் பக்கம் வரும். விளைச்சலுக்கு விலை கிடைக்காதவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்திய போராட்டம் அது. அவர்களையா வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பது?

அந்தத் தேர்தலில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. இதைச் சொல்லித்தான் அதிகம் சிரிக்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் விஷயம் வேறு. மாநிலத்தில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் மொடக்குறிச்சியில் நிற்கலாம். அப்படி வெளியூரிலிருந்து வந்து நின்றவருக்கு இங்கே ஓட்டே கிடையாது. உள்ளூர்க்காரர் என்றால், பெயரைப் போராட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டைத் தான் நம்பிய கட்சிக்குப் போட்டிருப்பார். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஜெயித்தது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

சரி, அந்த மனுவுக்கு என்ன பதில் வந்தது? அதே 1996-ல் தெலங்கானா பக்கம் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் தண்ணீர்ப் பிரச்சினைக்காக 480 பேர் நின்றார்கள். கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். மூன்று இடத்திலும் சனம் ஒரே வழியில் கத்தியிருக்கிறது. டெல்லி அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்ற டெபாசிட் 250-லிருந்து 5,000 ஆனது, மக்களவைக்கு 500-லிருந்து 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாதவர்களுக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றார்கள். பிறகு டெபாசிட் இன்னும் ஏறி இன்று சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000.

ஆயிரம் பேர் நின்றால் தேர்தல் நடத்துகிறவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஓட்டைப் பிரிக்கவென்றே ஒரே பெயரில் நிறுத்தப்படும் சுயேச்சைகளையும் பார்த்திருக்கிறோம். பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பது நியாயமான விதி, ஊரில் பத்துப் பேரின் நம்பிக்கையாவது இருக்கட்டும். ஆனால் பணத்தை வைத்து வடிகட்டுவது எனக்கு ஒப்பவில்லை. காசு உள்ளவன் டம்மி வேட்பாளர்களுக்கும் சேர்த்தே கட்டிவிடுவான். மாட்டிக்கொள்வது இரண்டு ஏக்கர்காரன்தான். கோரிக்கை என்ன என்று கேட்க வேண்டிய இடத்தில் நுழைவுக் கட்டணத்தை ஏற்றினால் அது பதிலா?

டெபாசிட்டை உயர்த்தியதால் இது நின்றும் போகவில்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர் களத்தில் இருந்தார்கள், அதில் 178 பேர் மஞ்சள், சிவப்புச் சோளம் பயிரிடும் விவசாயிகள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், விலை வேண்டும் என்பது கோரிக்கை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக இணைத்து வைத்தார்கள். அன்றைய தெலங்கானா முதல்வர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாஜக வேட்பாளர் அரவிந்த் ஜெயித்தார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் நிஜாமாபாத்துக்குத்தான் போனது. மஞ்சள் என்றாலே ஈரோடு என்று சொல்கிற நாம் புவிசார் குறியீட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. கூட்டமாக வேட்புமனு போட்டவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்கிறவர்கள் நிஜாமாபாத்தை ஒரு தடவை பார்க்கட்டும் என்கிறேன்.

அப்புறம் 2021. மொடக்குறிச்சியை மறுபடி நாடே பார்த்தது. 1977-ல் அதிமுக வேட்பாளராக இதே தொகுதியில் ஜெயித்து, 1996-ல் திமுக வேட்பாளராக ஜெயித்து, பிறகு மத்திய இணையமைச்சராகவும் இருந்த சுப்புலட்சுமி ஜெகதீசன், பாஜகவின் டாக்டர் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். 78,125-க்கு 77,844. இருபது வருடம் கழித்துத் தமிழக சட்டமன்றத்துக்குள் போன நான்கு பாஜக எம்எல்ஏக்களில் ஒருவரை அனுப்பியது எங்கள் தொகுதி. அந்த அளவுக்கு இழுபறியாக இருந்த தேர்தலில்கூட, காளிங்கராயன் வாய்க்காலில் கலக்கும் சாயக்கழிவு பற்றியோ மஞ்சள் விலை பற்றியோ எங்கள் ஊர் மேடையில் யாரும் பத்து நிமிடம் உருப்படியாகப் பேசி நான் கேட்கவில்லை. எழுநூறு வருடத்துக்கு மேலாக ஓடும் வாய்க்கால். பவானியில் பிறந்து கொடுமுடி பக்கம் வரை வந்து எத்தனை ஊர் வயலை நனைக்கிறது! வீட்டுக்கு வீடு எத்தனை ஓட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்தவர்களிடம் வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன். "பார்த்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

281 ஓட்டு என்பது எங்கள் ஊரில் இரண்டு தெரு. 1996-ல் ஓட்டுச் சீட்டில் பெயர் போட்டவர்கள் 1,033 பேர். கட்சிக்காரர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த 1,033 பேரில் உங்கள் அப்பாவோ, பெரியப்பாவோ, தாத்தாவோ இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், என்ன பயிர், எந்தக் குறைக்காக நின்றார், என்ன சின்னம் கிடைத்தது, டெபாசிட் கட்டிய ரசீது வீட்டில் இருக்கிறதா. பலருக்கு இப்போது எழுபது எண்பது வயது இருக்கும். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வருகிற பதிலையெல்லாம் தொகுத்து வைக்கிறேன்.