முகவரியை இரவல் கொடுத்தவரை ஏன் யாரும் கேட்பதில்லை?

என் மனுவின் படம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருப்பதை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில், பெயரும் கையொப்பமும் கைப்பேசி எண்ணும் எழுதி நான் கொடுத்த மனு அது. குடியிருக்காத முகவரியைக் காட்டித் தனியார் பள்ளியில் தங்கள் குழந்தைக்கு இலவச இடம் வாங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றியது. எந்த மேசையிலிருந்து யாருடைய கைப்பேசிக்கு அது போய்ச் சேர்ந்தது என்பது தனிக்கதை. படத்தின் கீழே "ஒரு குழந்தையின் படிப்பில் மண்ணள்ளிப் போட்ட புண்ணியவதி" என்று எழுதியிருப்பவர், என் மகளின் திருமணத்தில் பந்தி பரிமாறியவர். வேறு யாராவது எழுதியிருந்தால் இவ்வளவு நீளமான பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

ஆம், மனுக் கொடுத்தவள் நான்தான். மொட்டைக் கடிதம் போடுவது எனக்கும் தெரியும், போடவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும், சாதி உள்ளிட்ட காரணங்களால் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு பள்ளிக்குச் செலுத்திவிடும். நம் மாநிலத்தில் அதற்கு விண்ணப்பிக்கிற குடும்பம் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. மற்றப் பிரிவில் அந்த வரம்பு இல்லை. ஆகவே சொந்த வீடும் காரும் உள்ளவர்கள்கூட அதில் விண்ணப்பிக்கலாம், அது சட்டப்படி தவறில்லை, அதைப் பற்றி என் மனுவில் ஒரு வரிகூட இல்லை. என் மனு முகவரியைப் பற்றியது மட்டுமே.

அந்தக் குடும்பம் பெங்களூர் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு மேல், சொந்த வீட்டில் குடியிருக்கிறது. விண்ணப்பம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர்களுடைய குடும்ப அட்டை, எங்கள் தெருவில் உள்ள உறவினர் வீட்டு மாடி முகவரிக்கு மாறியது. அந்த மாடியில் இருப்பது ஓர் அறை. அதில் பழைய கட்டிலும் வெங்காய மூட்டையும் கிடக்கின்றன. பொங்கலுக்கு நிலையில் செருகிய வேப்பிலைக் காப்பு அப்படியே காய்ந்து தொங்குகிறது, பூட்டைத் தொட்டவர் யாரும் இல்லை. காகிதத்தின்படி அங்கே நான்கு பேர் வாழ்கிறார்கள்.

அதே வீட்டின் பின்புறம் லைன் வீடுகள். அதில் ஒன்றில் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். கணவர் கிரானைட் பாலிஷ் போடும் வேலைக்குப் போகிறார். மனைவி மாம்பழப் பருவத்தில் கூழ் தொழிற்சாலைக்குப் போவாள், மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. அவர்களுடைய மகளுக்கும் இதே ஆண்டு, இதே பள்ளிக்கு விண்ணப்பித்தார்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் ஊர் முகவரியில் இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வீடே உங்களுடையது என்பீர்கள்" என்று சொல்லிவிட்டார். வாடகையைக் கையில் வாங்குகிறார், ரசீதும் கிடையாது. மின்கட்டணம் அவர் பெயரில்.

அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டு, மாம்பால் பட்டுத் தோலுரிந்த கையோடு என்னிடம் வந்தாள். எங்கள் தெருவின் பெயர் அந்த உறைக்குள் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் செவிலியர் நீல மையில் எழுதியிருந்தார். மூன்று வயதுவரை போட்ட ஊசிகள் அத்தனையும் இந்தத் தெரு முகவரியில்தான். அது செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம்.

குலுக்கலில் அவள் மகளுக்கு நிச்சயம் இடம் கிடைத்திருக்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவள் பெயர் எழுதிய சீட்டு பெட்டிக்குள் விழவே இல்லை, நான்கு கிலோமீட்டர் தள்ளி வாழ்கிற குழந்தையின் சீட்டு விழுந்தது, அதுதான் எடுக்கவும் பட்டது. குடியிருப்பவருக்கு முகவரி கிடையாது, குடியிருக்காதவருக்கு உண்டு. இரண்டையும் தீர்மானித்தவர் ஒரே வீட்டுக்காரர். இதைத்தான் மனுவில் எழுதினேன். இதில் எந்த வரி பொய் என்று குழுவில் கொதிக்கும் பெருமக்கள் ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.

"குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று கேட்கிறீர்கள். ஒரு பாவமும் செய்யவில்லை. அந்தக் குழந்தையின் பெயரை நான் மனுவிலும் எழுதவில்லை, இங்கும் எழுதவில்லை. ஆனால் இந்தக் கேள்வி உங்களுக்கு ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் ஏன் தோன்றுகிறது? பின்கட்டில் இருக்கிற குழந்தையும் உங்கள் கண்ணெதிரே தெருவில் விளையாடுகிற குழந்தைதான். அவளுடைய விண்ணப்பம் திரும்பிய அன்று குழுவில் ஒரு கண்ணீர்ப் பொம்மையைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு வழக்கம்போல காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வந்தன.

"எல்லாரும் செய்வதுதானே" என்பதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. "பெரிய பெரிய ஊழலை விட்டுவிட்டு" என்பவர்கள், பெரிய ஊழலுக்கு எதிராகத் தாங்கள் கொடுத்த மனுவின் நகலை அனுப்பிவைத்தால் நானும் கையொப்பமிடுகிறேன்.

ஒரே ஒரு மறுப்பு மட்டும் மதிக்கத்தக்கது. 1 கிலோமீட்டர் விதியே நியாயமில்லாதது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக் கிராமங்களில் 1 கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி இருக்கிறது? பென்னாகரத்துக்கு உள்ளடங்கிய ஊர்களிலும் அதே நிலைதான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த 25 விழுக்காடு காகிதத்தில் மட்டும் இருக்கிற உரிமை. விதியை மாற்றச் சொல்லி மனு எழுதுங்கள், முதல் கையொப்பம் என்னுடையது. ஆனால் தம்பி, பொய் முகவரியால் அஞ்செட்டிப் பிள்ளை ஒருவராவது உள்ளே வந்திருக்கிறாரா? நகரத்தில் மாடி வைத்திருக்கும் சித்தப்பா உள்ளவர்கள்தான் வருகிறார்கள்.

"நீயும் அத்தை வீட்டு முகவரியில் படித்தவள்தானே" என்று ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். படித்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால் அப்பா என்னைக் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் விட்டார். விடியற்காலையில் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் பிடித்தேன், திண்ணையில் படுத்தேன், சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும்போது அத்தைக்குக் கேழ்வரகு மாவும் அவரையும் பையில் சுமந்து வந்தேன். அத்தை திட்டிக்கொண்டே களி போட்ட அந்த வீடுதான் அன்று என் முகவரி. அங்கே நான் வாழ்ந்தேன். அதையும் பூட்டிய மாடியையும் ஒரே தட்டில் வைக்கிற அளவுக்கு என் மீது உங்களுக்கு என்ன கோபம்?

உண்மையில் இந்த வேலை என்னுடையதே அல்ல. சேர்க்கைக்கு முன் கல்வித் துறையிலிருந்து ஒருவர் வந்து அந்த மாடிக் கதவை ஒருமுறை தட்டியிருந்தால் போதும். தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் தாளில் உள்ள வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. மாவட்டத்துக்கே பிழைக்க வருகிறவர்களை நம்பித்தான் ஓசூர் ஆலைகளும் கிரானைட் பட்டறைகளும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் ஓடுகின்றன. அவர்களுடைய அட்டை ஊரில் இருக்கும், உடம்பு இங்கே இருக்கும். இதை அறியாதவர்கள் எந்த அலுவலகத்திலும் இல்லை. 2025-26இல் மத்திய அரசின் நிதி வராத இழுபறியில் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனபோது, தவித்தவர்களும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான். இதையெல்லாம் பேச வேண்டிய நேரத்தில் நாம் எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்? நான் காட்டிக்கொடுத்தவளா இல்லையா என்பதை.

நேற்று மாமா ஒருவர் தொலைபேசியில், "விட்டுத் தொலையேம்மா, நம்ம பையன்தானே, வாடகைக்கு வந்தவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க" என்றார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இந்தத் தெருவில் என்னை நெடுநாளாகத் தெரிந்தவர்கள் யாரும் வாடகைக்காரர்களுக்காக நான் பேசுவேன் என்று எதிர்பார்க்கவில்லை போலும். அடுத்த வீட்டுக் காதுகுத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. சரி.

மனு விசாரணைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதைத் திரும்பப் பெறுமாறு வரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து பேசப்போவதாகப் பெரியவர்கள் சிலர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தாராளமாக வாருங்கள், காபி போட்டு வைக்கிறேன். வரும் வழியில்தான் அந்த வீட்டுக்காரர் இருக்கிறார். பின்கட்டுக் குடும்பத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, கையொப்பமும் போட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.